ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா, டிவிடி ஓடவில்லையா? லினக்ஸில் கோளாறு பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

"லினக்ஸ் போட்டதுக்குப் பிறகுதான் தம்பி இந்தக் கரைச்சல்."

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் மேசை போட்டுக் கணினி திருத்துகிறேன். பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறவர்களில் பலர் முதலில் சொல்லும் வசனம் இதுதான். காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு நானா, போன மாரியில் பில் போடும் கணினியோடு வந்து இதையே சொன்னார். உபுண்டு லினக்ஸ் ஏறாமல் கறுப்புத் திரையில் நின்றது. மூடியைக் கழற்றினேன். டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளின் ஒரு முனை அரைவாசி வெளியே கிடந்தது. மோட்டார் சைக்கிளில் வைத்து வீட்டுக்கும் கடைக்கும் அலைந்ததில் கழன்றிருக்கிறது. தள்ளி மாட்டியதும் ஏறிவிட்டது. லினக்ஸ் மேல் போட்ட வழக்கு அதோடு தள்ளுபடி.

ஆகவே வெளியிலிருந்து உள்ளே போங்கள்: கரண்ட், கேபிள், பயோஸ் (கணினி போட்டவுடன் முதலில் ஓடும் நிரல்), கேர்னல் (லினக்ஸின் மையம்), பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி), கோப்பு முறைமை (அதற்குள் கோப்புகளை அடுக்கும் முறை), கடைசியாக அனுமதி. இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிப் பாய்ந்தால் அரை நாள் வீணாகும். நான் வீணாக்கியிருக்கிறேன்.

கட்டளைகளைத் தமிழில் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். எல்எஸ்பிஎல்கே என்று இருந்தால் அந்த ஐந்து எழுத்தையும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது), இஜெக்ட் போன்ற சொற்களை வழக்கமான எழுத்துக்கூட்டில் அடியுங்கள்.

கரண்ட், கேபிள், உப்பு

கல்லடி, நாவலடிப் பக்கம் ஒரு கரையில் வாவி, மறுகரையில் கடல். யன்னலைத் திறந்து வைத்த வீட்டில் இரண்டு வருடம் இருந்த கணினியின் கேபிள் முனைகளைப் பார்த்தால் உப்புக் காற்று என்ன செய்யும் என்று விளங்கும். முனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பவரை முற்றாக நிறுத்தி, ஐசோப்புரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தாலும் சரி. காய விட்டு மாட்டுங்கள்.

மறுகா கேபிளை மாற்றுங்கள். மாற்றுவது என்றால் வேறு கேபிள், வேறு போர்ட், இரண்டும்தான். சாட்டா டேட்டா கேபிள் மலிந்த சாமான். ஒன்றைக் கையிருப்பில் வைத்திருந்தால் பாதி வைத்தியம் அதிலேயே முடியும்.

யூஎஸ்பி பெட்டியில் போட்ட டிஸ்க் என்றால் கணக்குப் பாருங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் இதைவிடக் கூடக் கேட்கலாம். "டிக், டிக்" என்று சத்தம் போட்டுப் போட்டு நிற்கிறதென்றால் டிஸ்க் செத்தது என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். கணினியின் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கத்தில் குத்துங்கள், கட்டையான கேபிள் போடுங்கள், இரட்டைத் தலைக் கேபிள் இருந்தால் இரண்டு தலையையும் குத்துங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். அதற்குத் தனி அடப்டர் இல்லாமல் யூஎஸ்பியால் மட்டும் ஓட்ட ஒண்ணாது.

இன்னொரு விசித்திரம் உண்டு. வெளிப்பெட்டியை உடைத்து எடுத்த சில புதிய பெரிய டிஸ்க்குகளைப் பழைய பவர் சப்ளையில் மாட்டினால் சுழலவே மாட்டா. புதிய சாட்டா விதியில் பவர் இணைப்பின் மூன்றாவது முள்ளுக்கு 3.3 வோல்ட் வந்தால் "நிறுத்து" என்று அர்த்தம். பழைய சப்ளை அந்த முள்ளுக்கு எந்நேரமும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் பக்கத்தில் அந்த முள்ளை வெப்பம் தாங்கும் மெல்லிய டேப்பால் மூடினால் சுழலும்.

பழைய பென்டியம் 4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அகலமான நாடாக் கேபிளில் டிஸ்க்கும் சீடி டிரைவும் சேர்ந்திருந்தால் பின்னாலுள்ள ஜம்பரில் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் ஆக இருக்க வேண்டும். இரண்டும் மாஸ்டர் என்றால் சண்டைதான். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் இந்த டிஸ்க்கை எச்டிஏ என்று அழைக்கும். இப்போதைய கேர்னல்களில் அதுவும் சாட்டா டிஸ்க் போலவே எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. இந்த நாடாக் கேபிள் டிஸ்க்குகளுக்கான பழைய ஐடிஇ டிரைவர் 2021இல் வந்த கேர்னல் 5.14இல் முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. வன்பொருள் இன்னும் ஓடும், பெயர்தான் வேறு.

பயோஸ் பார்க்கிறதா?

கணினியைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி உள்ளே போங்கள். பயோஸில் டிஸ்க்கின் பெயர் இல்லையென்றால் லினக்ஸில் தேடிப் பயனில்லை. முதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

பயோஸில் பெயர் இருந்தும் லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா? மடிக்கணினி என்றால் பெரும்பாலும் சாட்டா அல்லது ஸ்டோரேஜ் முறை "ரெய்ட்" என்றோ "ஆர்எஸ்டி" என்றோ இருக்கும். அதை "ஏஎச்சிஐ" ஆக மாற்றினால் டிஸ்க் தெரியும். ஆனால் அதே டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் இங்கே கொஞ்சம் பொறுங்கள். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸுக்குள் எம்எஸ்கன்ஃபிக் மூலம் "சேஃப் பூட்" என்பதைத் தெரிவு செய்து, மறுதொடக்கத்தில் பயோஸை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி, பிறகு அந்தத் தெரிவை எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கையில் எடுக்காமல் எதையும் தொட வேண்டாம்.

கேர்னலிடம் கேளுங்கள்

ஒரு டெர்மினலைத் திறந்து சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ என்று அடியுங்கள். அது திறந்தபடியே இருக்கட்டும். இப்போது டிஸ்க்கைக் குத்துங்கள். கேர்னல் பார்ப்பதெல்லாம் வரிவரியாக ஓடும். என் பழக்கத்தில் பிரச்சினையின் பெயர் இங்கேதான் அகப்படும். மற்றதெல்லாம் அதை உறுதிப்படுத்தும் வேலை.

எதுவுமே ஓடவில்லையென்றால் கேபிள், போர்ட், கரண்ட். "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71" அல்லது "-110" என்றால் யூஎஸ்பி பக்கத்தில் பேச்சு அறுபடுகிறது: கேபிள் பழுது, அல்லது கரண்ட் போதவில்லை. "சாட்டா லிங்க் டவுன்" என்றால் அந்தப் போர்ட்டில் ஒன்றும் இல்லை, அல்லது இருப்பது பேசவில்லை. வெறும் போர்ட்டுகளுக்கும் இந்த வரி வரும், பயப்பட வேண்டாம்.

"பேட்சிஆர்சி" அல்லது "ஐசிஆர்சி" என்ற சொல் கண்ணில் பட்டால் சந்தோஷப்படுங்கள். டிஸ்க் நல்லாயிருக்கிறது, வழியில்தான் தரவு சிதைகிறது. கேபிளை மாற்றினால் போதும். "லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட்" என்று வந்தால் கேர்னலே பொறுமை இழந்து வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறது என்று எடுங்கள். அதுவும் பெரும்பாலும் கேபிள்தான்.

"யூஎன்சி" என்று வந்தால் முகத்தைத் தொங்கப்போடலாம். டிஸ்க்கின் தட்டில் அந்த இடத்தை வாசிக்க முடியவில்லை. பேட் செக்டர், அதாவது கெட்டுப்போன துண்டு.

"யூஏஎஸ்" என்று தொடங்கும் அபோர்ட், ரீசெட் வரிகள் தொடர்ந்து வந்து, பெரிய கோப்பைப் பிரதி செய்யும்போது எல்லாம் உறைந்து நின்றால், அது யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கும் லினக்ஸின் வேகமான யூஏஎஸ் முறைக்கும் ஒத்துவராத கதை. உண்மையான பொருத்தமின்மை என்று நான் ஒத்துக்கொள்ளும் சிலவற்றில் இது ஒன்று. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் அந்தப் பெட்டியின் அடையாள எண்ணை எடுங்கள். நாலு எழுத்து, முக்காற்புள்ளி, நாலு எழுத்து என்று இருக்கும். /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் கேர்னல் வரிக்குள் யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.க்வர்க்ஸ்= என்று எழுதி, அந்த எண்ணைப் போட்டு, கடைசியில் முக்காற்புள்ளியும் யூ என்ற எழுத்தும் சேருங்கள். சூடோ அப்டேட்-க்ரப் ஓட்டி மறுதொடக்கம் செய்யுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். உறையாது.

ஸ்மார்ட் கணக்கு

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு. அதைப் பார்க்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியை நிறுவி, சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ. யூஎஸ்பி பெட்டி வாய் திறக்கவில்லையென்றால் இடையில் -டி சாட் (-டி என்பது டிஸ்க்கின் முதல் எழுத்து, சாட் என்பது சாட்டாவின் முதல் மூன்று எழுத்து) சேருங்கள். மேலே "பாஸ்ட்" என்று வருவதை நம்பி எழும்ப வேண்டாம். சாகப்போகும் டிஸ்க்கும் பாஸ் எடுக்கும். கீழேயுள்ள அட்டவணையில் கடைசி நிரலைப் பாருங்கள். எண் 5 ஏற்கெனவே மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197 வாசிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்த முடியாதவை. இந்த மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். 5 ஒரு சின்ன எண்ணில் மாதக்கணக்காக அசையாமல் நின்றால் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டலாம். கிழமைக்குக் கிழமை ஏறினால் இறக்கிவிடுங்கள். 199 கேபிள் பிழை. கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது. மேலும் ஏறாமல் இருந்தால் அதுதான் சுகம்.

முதலில் பிரதி, பிறகு வைத்தியம்

யூஎன்சி கண்டீர்களா, 197 ஏறுகிறதா? எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டாம். திருத்தும் கட்டளை நொந்த டிஸ்க்கை இன்னும் உழக்கும், அதன் மேலேயே எழுதவும் செய்யும். முதலில் டிடிரெஸ்க்யூ, நொந்த டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் கருவி. டெபியன், உபுண்டுவில் பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, கட்டளையின் பெயர் முன்னால் ஜி இல்லாமல்.

தொடங்குமுன் எல்எஸ்பிஎல்கே ஓட்டி, எந்த டிஸ்க் நொந்தது, எது வெறும் டிஸ்க் என்று அளவையும் மாடலையும் பார்த்துக் கடதாசியில் எழுதுங்கள். பேனையால் எழுதச் சொல்வது விளையாட்டுக்கு அல்ல. எஸ்டிபியும் எஸ்டிசியும் மறுதொடக்கத்தில் இடம் மாறும்.

முதல் சுற்று: சூடோ டிடிரெஸ்க்யூ -என், பிறகு மூல டிஸ்க், பிரதிக் கோப்பு, வரைபடக் கோப்பு. -என் என்பது கஷ்டமான இடங்களைத் தோண்டாமல் தாண்டிப் போகச் சொல்வது. நல்ல இடங்களெல்லாம் முதலில் வந்து சேரும். இரண்டாம் சுற்று: அதே வரி, -என்னுக்குப் பதில் -டி -ஆர்3. விட்ட இடங்களை மூன்று தடவை முயலும். வரைபடக் கோப்பு இருக்கும்வரை கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022இல் ஒவ்வொரு நாளும் மணித்தியாலக் கணக்காக மின்வெட்டு நடந்த காலத்தில் ஒரு டிஸ்க்கை நான்கு நாளாக இப்படித் துண்டு துண்டாக எடுத்தேன். வைத்தியம் பார்ப்பதெல்லாம் அந்தப் பிரதியின் மேல்.

டிஸ்க் சுகம், கோப்பு தெரியவில்லை

எல்எஸ்பிஎல்கே -எஃப் அடித்தால் எந்தப் பார்ட்டிஷன், எந்தக் கோப்பு முறைமை என்று காட்டும். இங்கே வரும் கேஸ்கள் பெரும்பாலும் மூன்று வகை.

விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வாசிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை. விண்டோஸ் முழுதாக நிற்காமல் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் தெரிவை எடுத்துவிட்டு முழுதாக நிறுத்துங்கள். லினக்ஸில் வலுக்கட்டாயமாகத் திறக்கும் வழிகளும் உண்டு. விண்டோஸ் சேமிக்காமல் வைத்திருந்தது போய்விடும் என்பதால் நான் செய்வதில்லை.

2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கில் மிச்ச இடம் காணவில்லை. பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 512 பைட் செக்டரில் அதற்கு மேல் எண்ணத் தெரியாது. ஜிபிடி அட்டவணை போட வேண்டும். உள்ளே கோப்பு இருந்தால் முதலில் பிரதி.

மூன்றாவதுதான் பலரை அழவைப்பது. யூஎஸ்பி பெட்டியில் நன்றாக ஓடிய டிஸ்க்கைக் கழற்றிக் கணினிக்குள் மாட்டினால் "பார்ட்டிஷனே இல்லை" என்று வரும். சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 ஆக மொழிபெயர்த்துக் காட்டுகின்றன. அந்தக் கணக்கில் எழுதிய அட்டவணை நேரடி இணைப்பில் பொருளற்றுப் போகிறது. ஃபோமட் பண்ணட்டுமா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே பெட்டிக்குள் திரும்பப் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். கோப்புகளை எடுத்த பிறகு புதிதாகப் பிரியுங்கள்.

கணினியே ஏறாமல் 90 செக்கன் எண்ணிவிட்டு எமர்ஜென்சி மோடில் விழுகிறதென்றால் ஏறும்போது திறக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில், இப்போது மாட்டியிராத ஒரு டிஸ்க்கின் பெயர் இருக்கும். கடவுச்சொல் போட்டு உள்ளே போய், அந்த வரிக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டால் ஏறும். இனி வரிகளில் எஸ்டிபி போன்ற பெயர் வேண்டாம், பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி எழுதுங்கள். வெளி டிஸ்க் என்றால் நோஃபெயில் சேருங்கள், டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி ஏறும்.

சீடியும் டிவிடியும்

இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள் என்று கேட்பவர் எங்கள் ஊர் வீடுகளின் ஷோகேஸைத் திறந்து பார்க்கட்டும். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, வெளிநாடு போன மகனின் முதல் பிறந்தநாள், எல்லாம் இறுவட்டில்தான் கிடக்கிறது.

டிரைவ் இருக்கிறதா என்று எல்எஸ்பிஎல்கே சொல்லும். எஸ்ஆர்0 என்ற பெயரில், வகை "ரோம்". இல்லையென்றால் மேலே சொன்ன கேபிள் கதை. இருந்தால் அது என்னென்ன செய்யும் என்று டிரைவே சொல்லட்டும்: கேட் /ப்ரோக்/சிஸ்/டெவ்/சிடிரோம்/இன்ஃபோ. "ப்ரோக்" என்பதற்கு பி, ஆர், ஓ, சி நாலு எழுத்து மட்டும். "கேன் ரீட் டிவிடி", "கேன் ரைட் சிடி-ஆர்" என்று வரிசையாக வரும். பூச்சியம் என்றால் இயலாது, 1 என்றால் இயலும். டிவிடி வாசிக்கத் தெரியாத பழைய சீடி டிரைவில் டிவிடியைப் போட்டு லினக்ஸைத் திட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ரூட் (நிர்வாகி) பயனருக்கு ஓடுது, உங்களுக்கு ஓடவில்லை என்றால் உங்கள் பெயர் சிடிரோம் குழுவில் இல்லை. சூடோ யூசர்மாட் -ஏஜி சிடிரோம், பிறகு உங்கள் பயனர் பெயர். இதில் ஜி மட்டும் பெரிய எழுத்து.

"மவுன்ட் பண்ண முடியவில்லை", அதாவது கோப்புறையாகத் திறக்க முடியவில்லை என்பது எல்லா நேரமும் பிழையல்ல. பாட்டுச் சீடியில் கோப்பு முறைமையே கிடையாது, அதை மவுன்ட் பண்ண ஒண்ணாது. விஎல்சியில் நேரே ஓட்டுங்கள். வெறும் இறுவட்டும் அப்படித்தான். வீட்டு ரெக்கோடரில் பதிந்து "ஃபைனலைஸ்" பண்ணாமல் விட்ட டிவிடியும் கணினியில் வெறுமையாகத் தெரியலாம். பதிந்த அதே இயந்திரம் இருந்தால் அதில் போட்டு முடித்துக்கொண்டு வாருங்கள்.

கடையில் வாங்கிய பட டிவிடி கறுப்பாகவோ கோடுகோடாகவோ வந்தால் அது பிரதி எடுப்பதைத் தடுக்கப் போட்ட சிஎஸ்எஸ் பூட்டு. லிப்டிவிடிசிஎஸ்எஸ் நிறுவ வேண்டும். பிராந்தியக் குறியும் உண்டு. தென்னாசியா 5ஆம் பிராந்தியம். டிரைவின் பிராந்தியத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாகப் போட்டதே நிலைக்கும். விளையாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம்.

தட்டு வெளியே வரவில்லையென்றால் ஏதோ ஒரு செயலி பிடித்து வைத்திருக்கும். சூடோ இஜெக்ட் -ஐ ஆஃப் அடித்து பொத்தானின் பூட்டை விடுவியுங்கள். கேட்கவில்லையென்றால் கணினியை நிறுத்தி, முன்பக்கத்துச் சின்ன ஓட்டைக்குள் நிமிர்த்திய கடதாசிக் கிளிப்பை நேராகச் செலுத்துங்கள்.

கீறல் விழுந்த தரவுச் சீடிக்கு ஒரு கைவேலை. ஒரு டிரைவ் வாசிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் வாசிக்கும், லென்சுக்கு லென்ஸ் குணம் வேறு. டிடிரெஸ்க்யூவுக்கு -பி2048 கொடுத்து முதல் டிரைவில் ஒரு சுற்று எடுங்கள். இறுவட்டை நண்பரின் டிரைவில் போட்டு, அதே பிரதிக் கோப்பு, அதே வரைபடக் கோப்போடு மறுபடி ஓட்டுங்கள். விட்ட துண்டுகளை மட்டும் நிரப்பிக்கொண்டு போகும். இரண்டு கணினியில் பாதி பாதியாக வந்து ஒன்றான படிமங்கள் என்னிடம் இருக்கின்றன.

மடிக்கணினியின் டிவிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க் மாட்டும் கெடி என்ற தாங்கியை வாங்குகிறவர்கள் தடிப்பை அளந்து வாங்குங்கள். 9.5 மில்லிமீட்டரும் 12.7 மில்லிமீட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தா. எஸ்எஸ்டியைப் பிரதான இடத்திலும் பழைய டிஸ்க்கைக் கெடியிலும் போடுவதே என் வழக்கம்.

விசிடி (வீடியோ சீடி) என்னும் தனிக் கதை

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மாமி இரண்டு இறுவட்டைப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு வந்தா. "தம்பி, மகள்ட சாமத்திய வீடு இதுக்குள்ளதான் இரிக்கி. கடையில குடுத்தன், டிஸ்க் பழுது, ஒண்ணா எண்டுட்டானுகள். நீ ஒருக்காப் பாரு மகன்."

போட்டேன். கோப்புறைகள் தெரிந்தன. எம்பிஇஜிஏவி என்பதற்குள் ஏவிஎஸ்இக்யூ01 என்று ஒரு பெரிய கோப்பு. இழுத்து டெஸ்க்டொப்பில் போட்டால் உடனே "இன்புட்/அவுட்புட் எரர்". கடைக்காரர் நின்ற இடம் இதுதான். ஆனால் இறுவட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

சாதாரணத் தரவுச் சீடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட் தரவு, மிச்சம் பிழை திருத்தும் கணக்கு. விசிடியில் படம் இருக்கும் தடத்தில் அந்தத் திருத்தக் கணக்கைக் குறைத்து 2324 பைட் திணித்திருக்கிறார்கள். 74 நிமிடப் படம் ஒரு சீடிக்குள் அடங்குவது அதனால்தான். கோப்பு மேலாளருக்கு 2048 மட்டும்தான் தெரியும், ஆகவே பிழை என்று கத்துகிறது. டிடி, டிடிரெஸ்க்யூவும் இங்கே உதவா.

வழி இலகு. பார்க்க மட்டும் என்றால் விஎல்சியில் "ஓபன் டிஸ்க்" போய் விசிடியைத் தெரிவு செய்யுங்கள். எடுத்து வைக்க வேண்டுமென்றால் விசிடிஇமேஜர் பொதியை நிறுவி, வெறும் கோப்புறைக்குள் நின்று விசிடிஎக்ஸ்ரிப் --சிடிரோம்-டிவைஸ்=/டெவ்/எஸ்ஆர்0 என்று ஓட்டுங்கள். படம் எம்பெக் கோப்பாக வந்து விழும். எதிலும் ஓடும்.

முதல் இறுவட்டு அப்படியே வந்தது. இரண்டாவதில் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக, சுற்றாமல், ஈரமான மென்துணியால் துடைத்தேன். கடைசி ஐந்தாறு நிமிடம் கட்டம் கட்டமாக உடைந்துதான் வந்தது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தபோது மாமி விறாந்தையிலேயே இருந்து மடிக்கணினியில் ஓடவிட்டுப் பார்த்தா. ஆலாத்தி எடுக்கிற இடம் வந்ததும் திரையைக் காட்டி, "இந்தா நிக்கிறது எங்கட அம்மா" என்றா. உடைந்த பகுதி வரமுதல் நிறுத்தச் சொல்லிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னா.